மாமாவுக்கு விழக் கற்றுக்கொடுத்தேன்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் மறுபடியும் அதே சண்டை. யாரோ ஒருவர் பழைய மல்யுத்த வீடியோ ஒன்றைப் போட்டீர்கள். ஏழடி உயரத்தில் ஒருவன், தன் நெஞ்சு வரைக்கும்கூட வராத ஒருவனிடம் உதை வாங்கிச் சாய்கிறான். உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். எல்லாம் டுபாக்கூர் என்றார் ஒருவர். இந்த உடம்பை எவனாலும் சாய்க்க முடியாது என்றார் இன்னொருவர். நடுவில் ஒருவர் சம்பந்தமே இல்லாமல் காலை வணக்கம் போட்டார். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. பாதிப் பேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் போனையே பார்க்கிறோம். இன்னும் இந்த ஒரு விவாதத்தை முடிக்க நமக்குத் துப்பில்லை.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெரிய உடம்பு தோற்பதை நம்ப முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் நம் வகுப்பில் நான்தான். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது, இத்தனை வருஷம் நான் சொன்னதில்லை. வாய்ஸ் நோட்டில் சொன்னால் ஒன்றரை வேகத்தில் ஓட்டிவிட்டு 'சூப்பர்' என்று போடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் ஏழாவது படித்த வருஷம் அது. வகுப்பே ரெஸ்லிங் கார்டு பைத்தியம் பிடித்து அலைந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெட்டிக்கடையில் புதுக் கட்டு வாங்கிப் பிரித்தால் அட்டையிலிருந்து மை வாசனை வரும். ஒவ்வொரு கார்டிலும் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். கீழே அவன் உயரம், எடை, மார்புச் சுற்று, ஜெயித்த சண்டைகள். எடையைப் பவுண்டில் போட்டிருந்தார்கள். நாம் எல்லோரும் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டோம். ஐந்நூறு கிலோ மனிதன் ஒருவன் உலகத்தில் நடமாடுகிறான் என்று வருஷம் முழுக்க நம்பினோம். கணக்கு டீச்சர் அந்தக் கார்டைப் பிடுங்கி மேசைக்குள் போட்டார், திருப்பிக் கொடுத்தார், அது பவுண்டு என்று அவரும் சொல்லவில்லை. பெண்களை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்றீர்கள் பையன்கள். ஐந்நூறு கிலோக்காரன் என்னிடம் இருந்ததால் பிறகு வழிக்கு வந்தீர்கள்.

கார்டு ஆட்டத்தில் எடையைச் சொன்னால் அவன் யாரையும் அடித்துவிடுவான். டிவியிலோ அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பத்து நிமிஷம் எதிராளியைத் துவைத்துப் போடுவான். கடைசி நிமிஷத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவான். பின்னாலிருந்து ஒருத்தன் நாற்காலியால் தட்டுவான், தட்டுவதுகூட இல்லை, தடவுவான். உடனே இவன் கண்ணைச் சொருகி, விழ ஒரு நல்ல இடம் பார்த்து, முதலில் கையை ஊன்றி, அப்புறம் சாய்வான். ஒரு மனிதன் விழுவதற்கு முன்னால் இடம் பார்ப்பானா? எனக்கு ரத்தம் கொதிக்கும். தோற்றது பெரிதில்லை, தோற்கத் தெரியாமல் தோற்கிறானே என்ற எரிச்சல்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தார். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் நிற்க வைத்துப் பார்த்ததில் நூற்றிருபத்திரண்டு கிலோ. பெஞ்சு இரண்டு முறை உடைந்த பிறகு அவர் தரையில்தான் உட்காருவார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. அவர் அளவுக்கு யூனிபார்ம் இல்லாததால் இரண்டு சட்டைகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் மாமா முதுகில் மட்டும் கம்பெனி பெயர் இரண்டு தடவை இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வருவார். கிரீஸ் வாசனையும் அந்த நீல சோப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும். கையில் கேன்டீன் பன் இருக்கும், எனக்கு.

"இன்னா மாமா இது! இவன் கை வெச்சா அவன் சட்னி. எப்டி வுழுறான் பாரு, தானா சாஞ்சிக்கிறான்!" என்று நான் கத்துவேன்.

"வுடு பாப்பா. அவனுக்கு வூட்ல இன்னா கஷ்டமோ," என்பார் மாமா.

மாமாவுக்கு அந்த வருஷம் ஒரே கவலைதான். பர்மனென்ட். அந்த லைனில் எட்டுப் பேர் இரண்டு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் எட்டுப் பேருக்கும் லெட்டர் கொடுப்பதாகப் பேச்சு. பர்மனென்ட் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த வீடுகளில் எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள் என்று பார்த்துத்தானே வளர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம், பிள்ளைக்கு மருந்து, பெண் கொடுப்பவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கு நிமிர்ந்து சொல்ல ஒரு பதில். அம்மா தினமும் விளக்கு ஏற்றும்போது சாமியிடம் தம்பியின் பெயரைச் சொல்லி, கூடவே கம்பெனி பெயரையும் சொல்லுவாள், சாமி வேறு கம்பெனியில் கேட்டுவிடக் கூடாது என்று.

பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், டிவியில் ஐந்நூறு கிலோக்காரன் வழக்கம்போல இடம் பார்த்து விழுந்துகொண்டிருந்தான். நான் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தேன். மாமா பன்னைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, இவ்ளோ பெரிய ஆளு நம்புற மாரி தோக்கணும்னா எப்டி தோக்கணும்?"

என்னிடம் அந்த மாதிரி யாரும் அதுவரை கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்றே வகுப்பெடுத்தேன்.

"கால் மாமா. கால்தான். எவ்ளோ பெரிய உடம்பா இருந்தாலும் அது ரெண்டு காலு மேலதானே நிக்கிது? முட்டி போச்சுன்னா யாரா இருந்தாலும் அவ்ளோதான். ஆனா எடுத்தவொடனே வுழக் கூடாது. மொதல்ல ஜெயிக்கணும். அப்புறம் லேசா மூஞ்சி சுளிக்கணும். யாரையும் பாக்கக் கூடாது. இவனுங்க கூட்டத்தப் பாக்குறானுங்க பாரு, அங்கதான் மாட்டிக்கிறானுங்க."

"கத்தணுமா?"

"சீ! பெரிய ஆளு கத்துனா சிரிப்பு வரும். பல்லக் கட்ச்சிகினு தாங்கணும். தாங்க முடியாம வுழுணும்."

மாமா எழுந்து கொல்லைப்புறம் போனார். கிணற்றடியில் நின்று இடது முட்டியை மடக்கிப் பார்த்தார். நான் குறை சொன்னேன். மறுபடி செய்தார். அம்மா துணி துவைத்துக்கொண்டே, "இன்னா, மாமனும் மருமவளும் டான்ஸ் ஆடறீங்களா?" என்று கேட்டாள். ஒரு வாரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை. நான்காம் நாள் அவர் விழுந்த விதத்தில் நானே பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து சிரித்தார்.

எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. பிறகு தெரிந்ததை உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். கடைசிப் போட்டி கயிறு இழுப்பது. ஆபீஸ் டீமும் லைன் டீமும், மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கிற டீம்தான் கேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கும். கம்பெனியின் தலைமை அதிகாரியை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். அவரே ஆபீஸ் டீமில் கயிறு பிடிப்பார். இரண்டு வருஷமாக லைன் டீம்தான் ஜெயித்தது, காரணம் கயிற்றின் கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்ற என் மாமா. இரண்டாம் வருஷம் தோற்றபோது பெரிய சார், "அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ஆனால் மாமாவின் சூப்பர்வைசர் அதை ஒரு வருஷம் மண்டையில் போட்டு உருட்டியிருக்கிறார். பூஜைக்கு முன்னால் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எட்டு லெட்டரும் அவர் டேபிள்ல இருக்குப்பா. இந்த வருஷமும் அவரை மண்ணக் கவ்வ வெச்சா கையெழுத்து போடுவாரா? பாத்து நடந்துக்கோ. மத்தவங்களுக்குச் சொல்லாத, எவனாச்சும் உளறிடுவான்" என்றிருக்கிறார். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களால் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

பூஜை அன்று எனக்குப் புதுப் பாவாடை. பிரஸ் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எந்நேரமும் தடதடவென்று அடிக்குமாம் அந்த ஷெட், அன்று சாம்பிராணிப் புகையோடு அமைதியாக இருந்தது. பொரி, கடலை, கேசரி. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா பட்டுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கடைசியில நிக்கிறான் பாருங்க, என் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவே வேண்டாம், அவர் மட்டும்தான் தெரிந்தார்.

விசில் அடித்ததும் லைன் டீம் இழுத்தது. நாலு எண்ணுவதற்குள் ஆபீஸ் டீம் மொத்தமும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது. பெரிய சாருக்குச் சட்டையெல்லாம் செம்மண். சூப்பர்வைசர் முகம் வெளுத்துப்போயிற்று. மாமா லேசாக முகம் சுளித்து, இடது முட்டியில் கை வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் ஜெயிக்கணும், அப்புறம் முகம் சுளிக்கணும். நான் சொன்னது!

இரண்டாவது தடவை மாமாவின் இடது கால் நகர்ந்துகொண்டே போனது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார், மெதுவாக மெதுவாகக் கோடு வரை வந்துவிட்டார். ஆபீஸ் டீம் ஜெயித்தது. மூன்றாவது இழுப்புக்கு முன்னால் அவர் நொண்டியபடியே போய்க் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். பந்தல் முழுக்கக் கைதட்டல். அந்த நொண்டலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகச் சேர்த்தது. முழுசாக ஒரு நிமிஷம் கயிறு இந்தப் பக்கமும் போகவில்லை அந்தப் பக்கமும் போகவில்லை. அப்புறம் முட்டி மடங்கியது. நூற்றிருபத்திரண்டு கிலோவும் பக்கவாட்டில் போய் விழுந்த சத்தம் முன்வரிசை வரை வந்தது.

இத்தனை வருஷத்தில் எந்தச் சேனலிலும், எந்த நாட்டிலும், ஒரு பெரிய மனிதன் அவ்வளவு நன்றாகத் தோற்று நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நீங்கள் போட்ட வீடியோவெல்லாம் குப்பை.

அங்கேதான் எல்லாம் கெட்டது. பெரிய சார் ஜெயித்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "யோவ், ஜீப்பை எடுங்கய்யா! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கத்தினார். பூசணிக்காயை அவர் உடைக்கவே இல்லை. லைன் டீமில் கயிற்றின் முதல் ஆளாக நின்றவர் கயிற்றைப் போட்டுவிட்டுக் கடைசிக்கு ஓடி வந்து மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "டேய், நவுறாதே, நவுறாதே" என்று அழுதே விட்டார். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். நான் அவள் காதில், "அம்மா, சும்மா. நடிப்பும்மா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். பளார் என்று ஒன்று விட்டாள். அந்த அறை இன்னும் என் கணக்கில் இருக்கிறது, அம்மா திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியை அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் பெரிய சார் நிற்கிறார், செம்மண் சட்டையோடு. மாமா என்ன சொல்லுவார்? ஆமாம் என்றார். இங்க? ஆமாம். எங்கே அழுத்தினாலும் ஆமாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பில் இல்லை, அப்படியானால் தசைநார் கிழிந்திருக்கும், இந்த எடைக்கு நின்று செய்கிற வேலை இனிமேல் ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய சார் பழம் வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தைத் தானே பத்திரமாகக் கம்பெனிக்குக் கொண்டுபோய் பைலில் சேர்த்தார். கெடுதல் நினைத்த ஒருவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டான்.

பத்தாம் நாள் ஏழு பேருக்கு லெட்டர் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும், முட்டி போன ஆளை எப்படிப் பர்மனென்ட் பண்ணுவது என்று சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்டும் அந்த மாதத்தோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனார். நானும் வருவேன் என்று அடம்பிடித்து சைக்கிள் முன்பாரில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் வாழைப்பழச் சீப்பைக் கொடுத்துவிட்டு, மாமா முட்டியில் சுற்றியிருந்த ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியைப் பிரித்தார். அங்கேயே பத்துத் தோப்புக்கரணம் போட்டார். நிமிர்ந்து நின்றார், மூச்சுகூட வாங்கவில்லை.

"பாத்துக்க சார். ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னதுக்குத்தானே வுழுந்தேன். பெரிய சாராண்ட ஒரு வார்த்த சொல்லு சார்."

சூப்பர்வைசர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்னன்னு சொல்றது? இவன் வேணும்னே தோத்தான்னா? யாரு சொல்லித் தோத்தான்னு கேப்பாரு. நான்தான் சொன்னேன்னு சொல்லவா? ஆம்புலன்ஸ் இல்லாம ஜீப்ல தூக்கினு போன மனுஷன்யா அவரு. ஏமாத்திட்டீங்களாடான்னு கோவம் வந்தா அந்த ஏழு பேரு கதி? புரொபேஷன் ஆறு மாசம் இருக்கு, லெட்டரத் திருப்பி வாங்க எவ்ளோ நேரம்?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதே சார்."

"அத நீ நம்புற, நான் நம்புறேன். அவரு நம்புவாரா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்கு முட்டில ஒண்ணுமே இல்ல! நான்தான் வுழச் சொல்லிக் குடுத்தேன்! எல்லாருக்கும் நானே வந்து சொல்றேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவரும் அதே கம்பெனிச் சட்டை போட்டிருந்தார்.

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து கட்டுத் துணியை எடுத்து முட்டியில் சுற்றிக்கொண்டே, அந்த ஆளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாப்பா டிவி பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சு சார். எனக்கு நெஜமாவே வலிதான். நான் வர்றேன்."

சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார், நொண்டி நொண்டி. ஏரிக்கரை வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. பொய் சொல்லிவிட்டார், அதுவும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். அந்த ஏழு பேரில் பாதிப் பேருக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது என்பதெல்லாம் பன்னிரண்டு வயதில் என் புத்திக்கு எட்டவில்லை. மாமாவுக்கு எட்டியிருக்கிறது.

நான் அங்கே கத்தியதைக் கேள்விப்பட்டு, அன்று ராத்திரியே அம்மா என் கார்டுக் கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஐந்நூறு கிலோக்காரனும் போனான். கேபிளையும் நிறுத்திவிட்டார்கள். நான் ஏன் திடீரென்று ஆட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்டீர்களே, இதுதான். தொலைத்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

மாமா பிறகு ஒரு குடோனில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அந்த உடம்பைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள், முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்டைத் திறந்து மூடினார். அதில்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் இல்லை. அவர் நொண்டியதுதான். பழைய கம்பெனி பஸ் எங்கள் தெருவழியாகப் போகும். பஸ் வருகிற நேரம் ஆனால் மாமா நொண்டுவார், பஸ் திரும்பியதும் நன்றாக நடப்பார். பால் வாங்கப் போனால் நொண்டுவார், ஏனென்றால் அந்த ஏழு பேரில் ஒருவருடைய வீடு பால் டிப்போ பக்கத்தில். கல்யாணம் ஆனது. அத்தைக்கும் அவர் சொல்லவில்லை. மழைக்காலம் வந்தால் அத்தை எண்ணெய் காய்ச்சி, ஒன்றுமே ஆகாத அந்த இடது முட்டிக்கு மணிக்கணக்காகத் தேய்த்துவிடுவாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலேஜ் முடித்த வருஷம் ஒரு தடவை நேராகவே கேட்டேன். "ஏன் மாமா இன்னும்? அவங்க எல்லாம் கன்பர்ம் ஆயி எத்தினி வருஷம் ஆவுது. இனிமே சொன்னா யாருக்கு இன்னா?"

"எதுக்கு பாப்பா? அவனுங்க நல்லா கீறானுங்க. இப்ப போயி உனக்காகத்தான்டா வுழுந்தேன்னு சொன்னா, வழில பாத்தா கும்புடுவான். அது எனக்கு வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ சொல்லிக் குடுத்தது கரெக்டு. ஒருத்தனும் சந்தேகப்படல பாரு" என்றார், பாராட்டுகிற மாதிரி. ஐந்நூறு கிலோக்காரன் மாதிரி இடம் பார்த்து, கை ஊன்றி, கேவலமாக விழச் சொல்லிக்கொடுத்திருந்தால் பந்தலே சிரித்திருக்கும். பெரிய சாரும் சேர்ந்து சிரித்திருப்பார். மாமா பர்மனென்ட் ஆகியிருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அப்போதுதான், அன்று கயிற்றில் முதல் ஆளாக நின்றாரே, அந்த ஏழு பேரில் ஒருவர், அவர் வந்தார். ஐம்பத்தெட்டு முடிந்து ரிட்டயர் ஆகிறாராம், விருந்துக்குக் கூப்பிட வந்திருக்கிறார். தட்டில் ஆப்பிள், பத்திரிகை. பெரிய பையன் அமெரிக்காவில், சின்னவள் டாக்டருக்குப் படிக்கிறாள். மாமா எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அத்தை காபி கொடுத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"ஒண்ணு சொன்னா நம்ப மாட்ட," என்றார் அவர். "ரிட்டயர்மென்ட்டுக்கு என் பைல எடுத்தாங்கல்ல, அதுல பழைய கன்பர்மேஷன் லெட்டர் இருந்துது. தேதியப் பாத்தா பூஜைக்கு முந்தின வாரம்! எட்டு லெட்டரும் அன்னிக்கே கையெழுத்தாயி பீரோல தூங்கிகினு இருந்துதாம், எச்ஆர்ல சொன்னாங்க. உன்னுதும்தான். நாமதான் பூஜை முடியற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிகினு திரிஞ்சோம். பெரிய சார் தங்கம்யா."

மாமா காபி தம்ளரைக் கீழே வைத்தார். கையெழுத்துப் போட்ட லெட்டர். அப்படியானால் ஜெயித்திருந்தாலும் கிடைத்திருக்கும்.

"நீ மட்டும் அன்னிக்கு வுழாம இருந்திருந்தா, பூசணிக்காயும் நமக்கு, லெட்டரும் உனக்கு," என்றார் அவர். முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"ஆமாம்பா," என்றார் மாமா. "இன்னா பண்றது. இந்தக் காலு வுட்டுடுச்சு." சொல்லிக்கொண்டே முட்டியைத் தடவினார்.

வலது முட்டியை.

காபியைக் குடிக்கப் போனவர் நிறுத்தினார். "இன்னாது, அந்தக் காலா? எடது காலுதானே அன்னிக்கு? நான்தானே ஓடியாந்து புடிச்சேன்." சமையல்கட்டு வாசலில் அத்தையும் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் வீட்டு வாசலில் பார்த்த அதே பார்வை. அன்றைக்குக் கத்தினேன். இன்றைக்குக் கத்தினால் தடுக்க யாரும் இல்லை. வந்தவர் ரிட்டயரே ஆகப்போகிறார், லெட்டரைத் திருப்பி வாங்க ஆள் இல்லை. முப்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எடதுதாண்ணே," என்றேன். "அந்தக் கால ஊனாம இந்தக் காலையே ஊனி ஊனி, இப்ப வலதும் போயிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாரு."

"அடப் பாவமே," என்றார் அவர். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமாவின் வலது முட்டியை மெதுவாக அழுத்திப் பார்த்து, "இங்க வலிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா," என்றார் மாமா.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே, ரெண்டு காலுமா?" என்று திட்டிக்கொண்டே அத்தை உள்ளே போனாள். எண்ணெய்ச் சட்டியை எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றி, அடுப்பில் வைத்தாள்.